விலாங்கு வெட்டும் அக்கா

அந்த அக்காவை நான் முதன்முதலாகக் கண்டபோது அவர் ஒரு விலாங்கின் கண்ணுக்குக் கீழே ஆணி இறக்கிக்கொண்டிருந்தார். பலகையில் மீனின் தலை, இடது கையில் ஆணி, வலது கையில் கத்தி. கத்தியின் பிடியால் ஒரே ஒரு அடி. விலாங்கின் வால் எழும்பி அவருடைய முழங்கை வரை சுற்றிக்கொண்டு இறுக்கியது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. என்னைப் பார்த்து, ஊர் எங்கை தம்பி என்று கேட்டார். நான் பதில் சொல்லி முடிக்குமுன் அது முதுகோடு பிளந்து, முள் வேறாகக் குடல் வேறாகக் கிடந்தது. வால் மட்டும் அவர் கையை இன்னும் விடவில்லை. இரண்டு விரலால் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு அடுத்த விலாங்குக்குத் தொட்டிக்குள் கையை விட்டார்.

மொன்றியல் நகர மையத்தில், வெளியே பெயர்ப்பலகை கூடச் சரியாகத் தெரியாத ஒரு ஜப்பானிய உணவகம் அது. பெரிய ஆட்கள் வந்து போகிற இடம். இரண்டாயிரங்களின் நடுவில் மூன்று வருடம் நான் அங்கே வேலை செய்தேன். என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். சப்பாத்து வேலை. வருகிறவர்கள் வாசல் படியில் இருந்து சப்பாத்தைக் கழற்ற வேண்டும். நான் குனிந்து வாங்கி, துடைத்து, அலுமாரியில் வைத்து, அவர்கள் போகும்போது முன்பக்கம் வெளியே பார்க்கும்படி எடுத்து வைக்க வேண்டும். குளிர்காலத்தில் பனி உருக றோட்டில் போடுகிற உப்பு சப்பாத்தெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைத் துடைத்துத் துடைத்து என் விரல் நுனிகள் வெடித்துப் போயின. உள்ளே புல்பாய் விரித்த சின்னச் சின்ன அறைகள், குட்டை மேசைகள், அறைக்கும் நடைக்கும் இடையில் கடதாசிக் கதவு. கிமோனோ கட்டிய பெண்கள் முழங்காலில் இருந்து கதவைத் திறந்து தட்டு வைப்பார்கள். ஒரு சாப்பாட்டுக்குப் பதினொரு தட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்க்குமேல் இராது. முழுவதும் முடிய இரண்டரை மணித்தியாலம் ஆகும். உரத்துக் கதைக்கிறவரை அங்கே நான் கண்டதில்லை.

அந்த அமைதிக்கு இரண்டு சுவர் தள்ளித்தான் அக்கா நின்றார். உயிரோடு வருகிறதெல்லாம் அவரிடம்தான் போகும். சென் லோரன்ஸ் ஆற்றில் பிடித்த விலாங்கு, தொட்டியில் கால் அசைக்கிற நண்டு, வாய் திறந்து மூடுகிற மீன். சமையல் படித்துவிட்டு வந்த பொடியன்கள் முகத்தைத் திருப்புவார்கள். அக்கா மன்னார்க்காரர். வெள்ளைத் தொப்பிக்குள் தலைமயிரைத் திணித்துக்கொண்டு, கழுத்தில் சின்னச் சிலுவையோடு, காலையில் எட்டு மணியிலிருந்து கொன்றுகொண்டிருப்பார்.

ஒரு நாள் கேட்டேன், பாவமாக இல்லையா அக்கா என்று. "ஒரு அடியிலை முடிச்சுப்போட்டாப் பாவமில்லை" என்றார். "ரெண்டாவது அடி அடிக்கிறவன்ரை ஆசைக்கு."

இப்படித்தான் கதைப்பார். ஆட்கள் சொல்கிற சொல்லைச் சேர்த்து வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட இப்படிக் கேட்டுப் படித்ததுதான் எனக்கு அதிகம். இடைவேளைக்குப் பின்வாசலில் நின்று, அவர் தந்த சோற்றுப் பொதியைச் சாப்பிட்டபடி நான் பொறுக்கிய சொற்கள் நிறைய. வாய் சாப்பிடுறதுக்கு, கதைக்கிறதுக்குக் கை இருக்கு என்பார். முறைச்சுப் பாக்கிறவனுக்குப் பயப்பிடாதை, சிரிச்சுக்கொண்டு சட்டைக்கை மடிக்கிறவனுக்குப் பயப்பிடு என்பார். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு உடைந்த எலும்பு இருந்தது.

குசினியில் ஒரு தடித்த சமையற்காரன் இருந்தான். தட்டு எடுக்க வருகிற பெண்களின் இடுப்பில் கை போடுவான். அவர்கள் நெளிந்துகொண்டு போவார்கள். ஒரு முற்பகல் அவன் அப்படிக் கை போட்டபோது அக்கா பனிப்பெட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ இருக்கும், கல்லாக உறைந்த மீன். வாலில் பிடித்துச் சுழற்றி அவன் காதோடு ஒன்று வைத்தார். அந்தச் சத்தத்தை நான் வாசலில் கேட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால், அவன் நிலத்தில் இருக்கிறான், காதுக்குள்ளிருந்து இரத்தம் கழுத்தில் இறங்குகிறது. அக்கா மீனைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருக்கிறார். எங்கள் முதலாளி, மெலிந்த கிழவர், ஜப்பானியர், வந்து நின்று அவனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செதில் ஒன்றும் கழலவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சமையற்காரன் அடுத்த கிழமை வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

மெத்ரோ ரயிலில் ஒருத்தன் கைப்பையை இழுத்தபோது அக்கா பையை விடவில்லை. அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னுக்கு மடித்தார். முறிந்த பிறகும் பிடியை விடாமல் அடுத்த ஸ்ரேசன் வரை அப்படியே அவனைக் கூட்டிப் போனாராம். இதைச் சொல்லும்போது அவர் பெருமைப்படவில்லை. பஸ் பிந்தி வந்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

கணவர் குடித்துவிட்டு வந்து முதல் முறையாகக் கை ஓங்கிய அன்று வள்ளத்துத் துடுப்பால் அவருடைய கையை முறித்தாராம். ஆறு கிழமை மாவுக்கட்டு. அந்த ஆறு கிழமையும் அக்காதான் சோறு பிசைந்து ஊட்டி விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த மனுசன் குடித்தால் வள்ளத்திலேயே படுத்துவிட்டு விடிந்தபிறகு வருவாராம். பிறகு ஒருநாள் கடலுக்குப் போனவர் வரவில்லை. அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு கொழும்பு வந்து, அங்கிருந்து எப்படியோ இங்கே வந்து சேர்ந்தார்.

மகளைப் பற்றி அவர் தானாகச் சொல்ல இரண்டு வருடம் எடுத்தது.

அப்போது மகளுக்கு ஒன்பது வயது. கணக்குப் பாடத்தில் ஏதோ பொய் சொல்லிவிட்டது. அன்றைக்கு அக்காவுக்கு வேறு கோபம். அந்த நாளில் வேலை செய்த இடத்தில் ஒருத்தி அவரை நாய் என்று திட்டியிருக்கிறாள், திருப்பிப் பேசப் பிரெஞ்சு வரவில்லை. வீட்டுக்கு வந்து உடுப்புக் கொழுவுகிற கம்பியை எடுத்திருக்கிறார். எத்தனை அடி அக்கா என்று கேட்டேன். விலாங்கை உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அண்டைக்கு எண்ணேல்லைத் தம்பி" என்றார்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளையின் முதுகைக் கண்டுவிட்டார். பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து மகளைக் கூட்டிப் போனார்கள். மூன்று மாதம் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு இருந்தாள். திரும்பி வந்தபோது தமிழில் பதில் சொல்ல மறுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். அதற்குப் பிறகு அக்கா அவளைத் தொடவில்லை. அடிக்க மட்டுமல்ல, தலை வாரவும் தொடவில்லை. ஆனால் அந்த அலுவலகம் எழுதிய கோப்பு எங்கோ ஒரு அலுமாரியில் அக்காவின் பெயரோடு கிடந்தது.

அந்த மகளைத்தான், வளர்ந்த பிறகு, நகரத்தின் லாசால் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகன் மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிற ஆள். மெதுவான குரல். பங்கில் யாரைக் கேட்டாலும் தங்கமான பிள்ளை என்பார்கள். மகள் யூலை மாதத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். அக்காவுக்கு விளங்க ஒரு நிமிடம் போதும். கேட்டால் மகள் ஒன்றும் இல்லை என்றாள். பொலிசுக்குச் சொல்லு என்றால் முகம் வெளிறிப் போனாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகன். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்தால் பிள்ளையைக் கொண்டுபோவார்கள் என்பதுதான் அவள் ஒன்பது வயதில் படித்த பாடம். அந்தப் பாடத்தைப் படிப்பித்தது யார் என்று அக்காவுக்குத் தெரியும்.

பிறகு ஒரு தை மாதம் மகள் தொலைபேசியில் அழுதாள். கணவன் பிள்ளையைக் கொழும்பில் தன் தாயிடம் அனுப்பப் போகிறான், அடுத்த கிழமை பயணம், ரிக்கற் எடுத்தாகிவிட்டது. பிள்ளையின் பாஸ்போட், அவளுடைய பத்திரங்கள் எல்லாம் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளையோடு அவளை வாசல் தாண்ட அவன் விடுவதில்லை. கடைக்குப் போனால் பிள்ளை அவனோடு நிற்கும்.

அக்கா ஒரு சட்ட உதவிக்காரப் பெண்ணிடம் போனார். மொழிபெயர்க்க நான் போனேன். அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள். பிள்ளை தாயிடம் இருக்க வழி உண்டு, ஆனால் அவன் அடிக்கிறான் என்பதற்குச் சாட்சி வேண்டும், இதுவரை ஒரு முறைப்பாடுகூட இல்லை. இன்னொன்று, உங்களுடைய பெயரில் கோப்பு இருக்கிறது, நீங்கள் அவன்மேல் ஒரு விரல் வைத்தாலும் அவனுடைய வழக்கறிஞர் அதைத்தான் பிடிப்பார், பிறகு பேரன் உங்கள் மகளிடமும் இல்லாமல் போகலாம். நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இரண்டு நாள் கழித்து விலாங்குப் பலகைக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டுத் திட்டத்தைச் சொன்னார். எங்கள் ஆட்களில் கணவன் மனைவி மனத்தாங்கல் என்றால் பெரியவர்கள் ஒரு சமாதானச் சாப்பாடு வைப்பார்கள். பெண்ணின் தாய் மருமகனைக் கூப்பிட்டு நல்லதாகச் சமைத்துப் போட்டு, பழசை மறப்போம் என்று சொல்வது. அதை அக்கா வீட்டில் வைக்கவில்லை. வேலைத்தலத்தில் வைத்தார். மருமகனுக்கு நாக்கில் நீர் ஊறாவிட்டாலும் மனத்தில் ஊறும் என்று அவருக்குத் தெரியும். மாமி மீன் வெட்டுகிற இடத்தில், மந்திரிமார் சாப்பிடுகிற அறையில், முன்வாசலால் வந்து அவன் சாப்பிடப் போகிறான். முதலாளியிடம் கேட்டபோது கிழவர் ஏன் என்று கேட்கவில்லை. நடையின் கடைசி அறையை ஞாயிறு மத்தியானத்துக்குக் கொடுத்தார்.

பிள்ளைக்கு அவ்வளவு நேரம் புல்பாயில் இருக்க ஏலாது, வீட்டிலேயே நிற்கட்டும், நான் ஒரு ஆளை அனுப்புகிறேன் என்று அக்கா சொல்ல, அதற்கும் அவன் ஒத்துக்கொண்டான். அந்த ஆள் என் மனைவி. அவன் வீட்டை விட்டு வெளிக்கிட்டதும் அவளுடைய தம்பி வானோடு வருவான். பெட்டியை உடைத்து, பத்திரங்களையும் உடுப்பையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பார்க் எக்ஸ்ரென்ஷனில் எங்கள் வீட்டுக்குப் போய், எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். நான் கடைசி அறை வாசலில் நின்று மூன்று தரம் இருமுவேன். மகள் கை கழுவப் போவதுபோல எழும்பி, குசினியால் பின்வாசலுக்கு வந்துவிடுவாள். இரண்டரை மணித்தியாலம், பதினொரு தட்டு. கால் மரத்துப்போய், சப்பாத்து இல்லாமல் ஒரு மனுசன் அங்கே இருக்கப் போகிறான். இவ்வளவும்தான் அக்கா எனக்குச் சொன்ன திட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவரும் வந்தார்கள். வெளியே பனி கொட்டியது. அக்கா கோயில் சேலை, மேலே தடித்த கோட். ஆறு வருடத்தில் முதல் தரம் முன்வாசலால் வருகிறார். படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். மற்ற விருந்தாளிகளுக்குக் குனிவதுபோலக் குனிந்து வாங்கினேன். என் காதுக்குக் கிட்ட, "அவன்ரையை அடியிலை வை" என்றார். மருமகன் சிரித்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னான். நல்ல கறுத்த தோல் சப்பாத்து, உப்பே இல்லை. மகள் நிலத்தைப் பார்த்தபடி நடந்தாள்.

நான் நடையில் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு நின்றேன். கடதாசிக் கதவால் எல்லாம் கேட்கும். அவன் நன்றாகப் பேசினான். சூப்பின் மணத்தைப் பற்றி, ஜப்பானியரின் ஒழுக்கத்தைப் பற்றி. மாமி இவ்வளவு நாளும் எங்களைக் கூட்டிக்கொண்டு வரேல்லையே என்று கோபித்துக்கொண்டான். காலையில் அக்காவே வெட்டிய விலாங்கு சுட்டு வந்தது. மாமியின் கை பட்டது என்று சொல்லிச் சாப்பிட்டான். பக்கத்து அறையில் எட்டுப் பேர், வயதான வெள்ளைக்காரர், யாருக்கோ பிறந்தநாள், மெதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது தட்டுப் போனபோது என் சட்டைப்பைக்குள் தொலைபேசி துடித்தது. மனைவி. எல்லாம் முடிந்தது, பிள்ளை மடியில் நித்திரை என்றாள்.

நான் கதவடியில் நின்று மூன்று தரம் இருமினேன்.

உள்ளே பாய் உரசுகிற சத்தம் கேட்டது. மகள் எழும்புகிறாள் என்று நினைத்தேன். அப்போது அக்காவின் குரல் கேட்டது. கோபமே இல்லாத குரல்.

"மருமகன், வீட்டிலை இப்ப ஒண்டுமில்லை. பெட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

நான் கதவை ஒரு விரலளவு விலக்கினேன். அவன் சிரித்துக்கொண்டு இருந்தான். சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றி ஒரு மடிப்பு மடித்தான். இன்னொரு மடிப்பு. அக்கா முகத்தை நிமிர்த்தி, அடி வாங்கத் தயாராக, அவனுக்கு நேரே இருந்தார். அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டே கையைப் பக்கவாட்டில் வீசினான். பாதி எழும்பி நின்ற மகளின் இடது காதில் அது விழுந்தது. அவள் மேசையில் விழுந்தாள். தட்டுகள் சிதறின. அவளுடைய தலைமயிரைப் பிடித்துத் தூக்கி மேசை விளிம்பில் முகத்தை அடித்தான். ஒரு தரம். இன்னும் ஒரு தரம். அவசரமே இல்லாமல், பழகிய வேலைபோலச் செய்தான்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக, அக்கா ஏற்கெனவே மகளுக்கு மேலே விழுந்து கிடந்தார். அவன் தேத்தண்ணீருக்கு வைத்திருந்த இரும்புக் கேத்தலை எடுத்து அக்காவின் முகத்தில் அடித்தான். தாடை உடைந்த சத்தம், நான் வாசலில் முன்பு கேட்ட மீனடிச் சத்தத்தைவிடச் சின்னது. கொதிதண்ணீர் சேலையில் ஊற்றியது. அக்காவின் வலது கை பாயிலிருந்து எழும்பியதைக் கண்டேன். எந்தக் கையென்று எனக்குத் தெரியும். அவனுடைய கால் அந்தக் கைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பிறகு அக்கா கையை இழுத்துத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்து, அதன்மேல் ஏறி இருந்துகொண்டார். அவன் இரண்டாம் தரமும் அடித்தான். நான் அவனைப் பின்னால் கட்டிப் பிடிக்க, என்னையும் உதறி எறிந்தான். நான் கடதாசிக் கதவோடு பக்கத்து அறைக்குள் விழுந்தேன். கிழிந்த கதவுக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேரும் கையில் சாப்பிடுகிற குச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கிழவர் எழும்பி நின்று அவனைப் பார்த்துப் பிரெஞ்சில் போதும் என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவன் நின்றான்.

பிறகு வாசலுக்கு ஓடினான். சப்பாத்தைக் கேட்டான். எனக்கு மூக்கால் இரத்தம். தெரியாது என்றேன். அலுமாரியின் மேல்தட்டுகளில் இருந்ததையெல்லாம் இழுத்து எறிந்து தேடினான். பொலிஸ் வரும்போது அவன் காலுறையோடு பனிச்சேற்றில், இரண்டு தெரு தள்ளி, விறைத்துப்போய் நின்றானாம்.

பொலிசும் பிறகு நீதிமன்றமும் என்னிடம் கேட்டன, அந்த அம்மா அவரைக் கோபப்படுத்தும்படி ஏதாவது சொன்னாரா என்று. ஆறுதலாகச் சாப்பிடச் சொன்னார் என்றேன். அது பொய்யில்லை. பிறந்தநாளுக்கு வந்த எட்டுப் பேரும், அந்த அம்மா கை தூக்கவேயில்லை என்று ஒரே மாதிரிச் சொன்னார்கள். அக்காவின் பழைய கோப்பை எடுத்து வந்த அவனுடைய வழக்கறிஞர் அதைத் திறக்காமலே மூடி வைத்தார். அவன் பிள்ளைக்குக் கிட்டப் போகக்கூடாது என்று தீர்ப்பு எழுதினார்கள். பிள்ளை தாயோடு.

இவ்வளவும் நல்லபடிதான். ஆனால் ஆஸ்பத்திரியில் நடந்ததையும் நான் சொல்லவேண்டும்.

அக்காவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், வாய் திறக்க ஏலாது. மகளுக்குப் புருவத்தில் தையல். இடது காதில் பஞ்சு. அந்தக் காது இன்றைக்கும் கேட்காது. அவள் தாயின் கட்டிலடியில் வந்து நின்றாள். நான் எழும்பி வெளியே போகப் பார்த்தேன், நில்லுங்கோ அண்ணை என்றாள்.

"ரெண்டு நிமிசம் அம்மா" என்றாள். "அண்ணை இருமினவர், நான் எழும்பினனான். ரெண்டு நிமிசம் பொறுத்துச் சொல்லியிருந்தா நான் குசினிக்குள்ளை நிண்டிருப்பன். அவன் உங்களைத்தானே அடிச்சிருப்பான்."

அக்கா கையால் கடதாசி கேட்டார். எழுதி நீட்டினார். மகள் வாசித்துவிட்டு எனக்குத் தந்தாள்.

நீ போனாப் பிறகு அடிச்சா அது என்ரை வழக்கு. நீ இருக்கேக்கை அடிச்சாத்தான் பிள்ளையின்ரை வழக்கு.

மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வில்லரேயில் ஒரு சின்ன வீடு எடுத்து, பிள்ளையோடு தனியாக இருந்தாள். தாய்க்கு முகவரி கொடுக்கவில்லை.

கம்பி கழற்றிய பிறகு அக்கா வேலைக்கு வந்தார். சாப்பாட்டை ஒரு பக்கத்தால்தான் மெல்லுவார். மாதங்கள் போய், ஒருநாள் பின்வாசலில் துணிந்து கேட்டேன். அடி யார்மேல் விழும் என்று நினைத்தீர்கள் அக்கா?

அவன் என்னைத்தான் அடிப்பான் எண்டு நினைச்சனான் என்றார். உள்ளே போய்க் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். நான் பின்னால் போய் நின்றேன். கத்தியைக் கல்லில் இழுத்தபடி, என்னைப் பார்க்காமல், "அப்பிடித்தான் நினைச்சனான் எண்டு நினைக்கிறன்" என்றார்.

இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது தெரியாது. மாமியார்மேல் வந்த கோபம் மாமியார்மேல்தான் விழும் என்று கணக்குப் போடுகிற ஆளா அவர்? யாரோ நாய் என்று திட்டிய கோபத்தை ஒன்பது வயதுப் பிள்ளையின் முதுகில் இறக்கியவர். கோபம் எந்தப் பக்கம் போகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? இதை நினைத்தால் எனக்கு அவர்மேல் பயம் வரும். அந்த முழங்காலுக்குக் கீழே நசுங்கிய கையை நினைத்தால் பயம் போய்விடும். பிறகு திரும்பவும் வரும்.

ஒன்றரை வருடம் கழித்து மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அம்மாவை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை என்றாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் காரில் கூட்டிப் போனேன். வெளியே சுற்றி ஏறுகிற இரும்புப் படி, இரண்டாம் மாடி. அக்கா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மகள் கதவைத் திறந்தாள், ஆனால் வழி விடவில்லை. வாசலிலேயே வைத்துச் சொன்னாள். நான் நிக்கேக்கை மட்டும் வந்து பாருங்கோ. அவனை உங்களோடை தனிய விடமாட்டன். பெலத்துக் கதைக்கக் கூடாது. அவனைத் தூக்கிறதெண்டா என்னைக் கேக்கவேணும்.

இவ்வளவு கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிற அக்காவை நான் கண்டதில்லை. அவர் தலையை ஆட்டினார்.

பேரனுக்கு ஐந்து வயது நெருங்கியிருந்தது. அம்மம்மாவைத் தெரியவில்லை. பிரெஞ்சில் ஏதோ கேட்டான், அக்காவுக்கு விளங்கவில்லை. பிளாஸ்ரிக் லொறி ஒன்றைக் கொண்டுவந்து அவருடைய முழங்காலில் ஓங்கிக் குத்திவிட்டுச் சிரித்தான். மகள் அடுப்படியில் இருந்து ஒரே எட்டில் வந்தாள். அவள் மகனைப் பார்க்கவில்லை, தாயின் கையைத்தான் பார்த்தாள். அக்கா இரண்டு கையையும் அவள் பார்க்கும்படி மடியில் விரித்து வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், பிள்ளை, நான் இவனைத் தூக்கலாமோ?

மகள் நிறைய நேரம் யோசித்தாள். தூக்குங்கோ, நான் இதிலை நிக்கிறன் என்றாள். அவன் மடியில் அரை நிமிடம்தான் இருந்தான், பிறகு வழுக்கி இறங்கி ஓடிவிட்டான். அக்கா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

காரில் எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெற்ற தாயை இப்படி வாசலில் வைத்துச் சட்டம் பேசலாமா, ஒருநாள் நான் அவளோடு கதைக்கிறேன் என்று தொடங்கினேன்.

"நீ ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றார் அக்கா. பெல்ற்றைப் போட்டுக்கொண்டார். "நான் எண்டாலும் அவனை என்னோடை தனிய விடமாட்டன் தம்பி."